ஜிம்மி லாரியை அதன் அசல் உறுப்புகளோடு மீட்டமைக்கும் முறை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் சுமையில் பெரும்பகுதியை இழுத்தது ஜி.எம்.சி. நிறுவனத்தின் சி.சி.கே.டபிள்யூ. என்ற இரண்டரை டன் லாரி. வீரர்கள் அதற்கு 'ஜிம்மி' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். 1941 முதல் 1945 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் ஆலையிலிருந்து வெளிவந்தன. நார்மண்டிக் கரையிலிருந்து முன்னேறிக்கொண்டிருந்த படைகளுக்கு 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை இரவு பகலாகச் சரக்கு கொண்டுசென்ற ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரித் தொடரில் ஓடியவை பெரும்பாலும் இவையே. அவற்றை ஓட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். நம் நாட்டு மண்ணுக்கும் இந்த வண்டி புதிதல்ல. அசாமின் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவின் குன்மிங் நோக்கி 1945 ஜனவரி 12 அன்று புறப்பட்ட முதல் வாகனத் தொடர் சென்ற சாலையிலும் இதே இரண்டரை டன் லாரிகள்தான் உழைத்தன.

போர் முடிந்தபின் ஐரோப்பாவில் எஞ்சிய ஜிம்மிகள் பிரெஞ்சுப் படைக்கும், மரம் வெட்டுவோருக்கும், பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. படைப் பணிமனைகளில் இவை முழுதாகக் கழற்றப்பட்டு, கையில் கிடைத்த நல்ல உறுப்புகளைக் கொண்டு மறுபடி பூட்டப்பட்டன. எந்த உறுப்பு எந்த வண்டியிலிருந்து வந்தது என்று அங்கே யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆகவே இன்று நீங்கள் வாங்கும் ஜிம்மியின் சேசிஸ் ஓர் ஆண்டினதாகவும், கேபின் வேறோர் ஆண்டினதாகவும், எஞ்சின் மூன்றாவது வண்டியினதாகவும் இருப்பது வெகு இயல்பு. அசல் உறுப்புகளோடு மீட்டமைக்க விரும்புகிறவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, தம் வண்டி எந்த மாதத்து வண்டி என்பதே. அந்த விடை கிடைக்கும் முன்பு ஸ்பேனரையோ உப்புத்தாளையோ கையில் எடுக்க வேண்டாம்.

வண்டியை முதலில் படித்துக்கொள்ளுதல்

பெயரே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். முதல் 'சி' 1941ஆம் ஆண்டின் வடிவமைப்பையும், இரண்டாவது 'சி' எஞ்சினுக்குப் பின்னால் அமைந்த வழக்கமான கேபினையும், 'கே' முன் ஆக்சிலுக்கும் இழுவிசை உண்டு என்பதையும், 'டபிள்யூ' பின்னால் இரட்டை ஆக்சில் உண்டு என்பதையும் குறிக்கின்றன. அதன்பின் வரும் எண் 352 என்றால் சக்கர இடைவெளி 145 அங்குலம். 353 என்றால் 164 அங்குலம். டேஷ்போர்டில் ஆணியடித்த பித்தளை அல்லது துத்தநாகத் தகடுகளில் மாதிரியின் பெயரும், வரிசை எண்ணும், படைக்கு ஒப்படைத்த தேதியும் இருக்கும். ஆனால் தகட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. கேபின் மாறிய வண்டியில் தகடும் கேபினோடு சேர்ந்தே மாறியிருக்கும். சேசிஸ் சட்டத்தின் முன்பகுதியில் பொறித்த எண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்க்காமல், பெயின்ட் நீக்கியைத் தடவி மெல்லத் துடைத்துப் படித்து, தகட்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஒத்திராவிட்டால் சேசிஸ் எண்ணையே வண்டியின் பிறப்புச் சான்றாகக் கொள்வது மீட்டமைப்போரிடையே நிலவும் வழக்கம். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

அடுத்து ஆக்சில்கள். இந்த லாரிக்கு இருவகை ஆக்சில்கள் பொருத்தப்பட்டன. ஒன்று டிம்கன் நிறுவனத்தினது; அதன் நடுக்கூடு இரண்டு பாதிகளாகச் செங்குத்தாகப் பிரிந்து போல்ட்டால் இணைந்திருக்கும். மற்றது ஜி.எம்.சி.யினது, அதன் நடுக்கூடு பாஞ்சோ என்ற இசைக்கருவியைப்போல் ஒரே உருண்டையாக இருக்கும். ஒன்றின் உறுப்பு மற்றதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. எஞ்சின் விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும், அந்த விசையைக் கடத்தும் புரொப்பல்லர் ஷாஃப்டுகளும்கூட வேறுபடும். வண்டிக்கு அடியில் தவழ்ந்து சென்று இதை உறுதிசெய்யாமல் ஓர் ஆயில் சீல்கூட வாங்கக் கூடாது. கேபினும் பெட்டியும் காலத்தைக் காட்டும் மற்ற இரு சாட்சிகள். தொடக்கத்தில் எஃகுக் கூரையும் கதவும் உடைய மூடிய கேபின் வந்தது. போரின் பிற்பாதியில், எஃகையும் கப்பலில் பிடிக்கும் இடத்தையும் மிச்சப்படுத்த, படுதாக் கூரையுள்ள திறந்த கேபின் வந்தது. அவ்வாறே சரக்குப் பெட்டியும் முதலில் முழு எஃகாக இருந்து, பிறகு மரமாக மாறி, அதன்பின் எஃகுச் சட்டமும் மரப் பலகையும் கலந்த அமைப்பாயிற்று. மரப்பெட்டியும் மூடிய கேபினும் ஒரே வண்டியில் இருந்தால் அது தவறென்று முடிவுகட்ட வேண்டாம்; மாற்றங்கள் எல்லாம் ஒரே நாளில் நிகழவில்லை.

கையில் இரண்டு நூல்கள் இருக்க வேண்டும். ஒன்று படையின் தொழில்நுட்பக் கையேடான டி.எம். 9-801, மற்றது எஸ்.என்.எல். ஜி-508 என்ற உறுப்புப் பட்டியல். முன்னது எப்படி ஓட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று சொல்லும். பின்னதில் ஒவ்வொரு உறுப்பின் படமும் எண்ணும் உண்டு. பழைய உறுப்பை விற்கிறவர் 'இது ஜிம்மிக்குப் பொருந்தும்' என்று சொன்னால், வார்ப்பில் உள்ள எண்ணைக் கேட்டுப் பட்டியலோடு சரிபார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பெயின்டின் அடுக்குகள்

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் செய்யும் மிகப்பெரிய தவறு, வண்டி வீட்டுக்கு வந்த வாரமே அதை மணல் வீச்சுக்கு அனுப்பி, வெள்ளித் தகடுபோல் பளபளக்கும் சேசிஸைப் பார்த்து மகிழ்வது. எழுபது எண்பது ஆண்டுகளின் எழுத்து அந்த ஒரு பிற்பகலில் தூளாகிப் போய்விடும். பானட்டின் இரு பக்கங்கள், கதவுகள், பெட்டியின் பின்கதவு, முன் பின் பம்பர்கள் ஆகியவற்றை ஈரம் தோய்ந்த 400 எண் உப்புத்தாளில் தொடங்கி, 800, 1000 என்று மெதுவாக, வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், பிரெஞ்சுப் பச்சைக்கு அடியில் போர்க்கால ஆலிவ் நிறமும், இரண்டுக்கும் இடையில் எழுத்தின் விளிம்பும் மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் தெரியத் தொடங்கும். தேய்க்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அக்காலப் பெயின்டில் ஈயம் உண்டு; உலர்ந்த தூளாகப் பறந்தால் அது உங்கள் நுரையீரலுக்குப் போகும். முகமூடி அணிவதைப் பெருமைக் குறைவாக எண்ண வேண்டாம்.

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தால்தான் கண்ணில் படும். பானட்டின் பக்கத்தில் பதிவு எண் இருக்கும். இரண்டரை டன் முதல் நாலரை டன் வரையான லாரிகளுக்கு அதன் முதல் இலக்கம் 4. இந்த எண் முதலில் தூரத்திலிருந்து தெரியாதபடி நீலச் சாயலுள்ள மங்கல் நிறத்தில் எழுதப்பட்டது. பிறகுதான் வெள்ளைக்கு மாறியது. எண்ணுக்குப் பின்னால் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால், ரேடியோவுக்கு இரைச்சல் தராதபடி அந்த வண்டியின் மின்னமைப்பு அடக்கப்பட்டிருந்தது என்று பொருள். முன் பம்பரில் இடமிருந்து வலமாகப் பெரிய படைப்பிரிவு, அதற்குள் அடங்கிய ரெஜிமென்ட், கம்பெனி, கடைசியில் அணியில் அந்த வண்டியின் வரிசை எண் என்று குறிகள் வரும். நான் முதன்முதலில் தேய்த்த பானட்டில் அவசரப்பட்டு 240 எண் தாளை எடுத்ததால் ஏழு இலக்கங்களில் கடைசி மூன்று என் கண்ணெதிரிலேயே கரைந்து போயின. அன்றிலிருந்து ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒருமுறை நிறுத்திப் புகைப்படம் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கிடைக்கும் எழுத்துகளை ஒளி ஊடுருவும் தாளில் அளவு மாறாமல் படியெடுத்து, பம்பர் விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் என்றும் குறித்து வைக்க வேண்டும். பின்னால் எழுத்துவெட்டுத் தாள் செய்யும்போது அதுவே மூலம்.

கழற்றுதல்

ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் எடுத்து, உறுப்புகளைப் பையிலிட்டுச் சீட்டு எழுதிக் கட்டி வைப்பதை எல்லோரும் சொல்வார்கள். அதிகம் சொல்லப்படாதது போல்ட்டுகளைப் பற்றியது. துருவேறிய போல்ட்டை வெட்டி எறிந்துவிட்டுப் பளபளக்கும் புதியதைப் போடுவது எளிது. ஆனால் ஒரு வண்டி அசலானது என்ற உணர்வைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தருவது பெரிய உறுப்புகளைவிட இந்தச் சிறு தலைகள்தாம். அக்காலப் போல்ட்டின் தலையில் தயாரித்தவரின் முத்திரை இருக்கும். இன்றைய போல்ட்டின் தலையில் தரத்தைக் காட்டும் கோடுகள் இருக்கும். பழையவற்றை டீசலும் ஊடுருவும் எண்ணெயும் கலந்து ஒரு வாரம் ஊறவிட்டு, தேவைப்பட்டால் நட்டை மட்டும் சிவக்கச் சூடாக்கிக் கழற்றி, மரைகளைத் தூய்மை செய்து, பாஸ்பேட் பூச்சுக்கு அனுப்பினால் பெரும்பாலானவை மறுபடி பயன்படும். ஸ்டீயரிங், பிரேக், கமான்பட்டையின் யு-போல்ட் ஆகிய இடங்களில் மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது. அங்கே புதியதே வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றும்போது இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. வண்டியின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை உடையவை; வலப்புறம் சுற்றினால்தான் கழலும். இதை அறியாமல் நீளமான குழாயை மாட்டி இழுத்து ஸ்டட்டுகளை முறித்தவர்கள் பலர். பின் இரட்டைச் சக்கரங்களில் உட்சக்கரத்தைப் பிடிக்கும் தொப்பி நட்டும், அதன்மேல் வெளிச்சக்கரத்தைப் பிடிக்கும் நட்டும் தனித்தனி. இரண்டாவது செய்தி உயிர் சம்பந்தப்பட்டது. 7.50-20 அளவுள்ள இந்த டயர்கள், லாக் ரிங் என்ற இரும்பு வளையம் வைத்துப் பூட்டிய டிஸ்க்குகளில் அமர்ந்திருக்கின்றன. துருவேறிய லாக் ரிங் காற்றடிக்கும்போது தெறித்தால் அருகில் நிற்பவர் பிழைப்பது அரிது. கழற்றும் முன் வால்வின் உள்முனையை எடுத்துக் காற்றை முழுதும் இறக்க வேண்டும். மறுபடி பூட்டியபின் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். கூண்டு இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சேசிஸ், எஞ்சின், பிரேக்

சேசிஸ் சட்டத்தில் விரிசல் எங்கே வரும் என்றால், கமான்பட்டையின் தாங்கிகளைச் சுற்றியும் குறுக்குச்சட்டங்கள் சேரும் இடங்களிலும்தான். சேசிஸ் ரிவெட்டால் இணைக்கப்பட்டது. தளர்ந்த ரிவெட்டை எடுத்துவிட்டு வெல்டிங் வைப்பது பார்வைக்கும் தவறு, வலிமைக்கும் தவறு. ரிவெட் அடிக்கத் தெரிந்த ஆளைத் தேடிப்பிடிக்க முடியாவிட்டால் இறுக்கமாகப் பொருந்தும் போல்ட்டைப் போட்டு, பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம்.

எஞ்சின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கொள்ளளவு 269.5 கன அங்குலம். அதனால் 270 என்றே அழைப்பார்கள். தலைக்குமேல் வால்வு உடையது. நிமிடத்துக்கு 2,750 சுழற்சியில் 104 குதிரைத்திறன் தருவது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை; சிலிண்டர்களில் தீப்பொறி விழும் எரியூட்டும் வரிசை 1-5-3-6-2-4. குளிர்நாட்டில் தண்ணீர் வடிக்காமல் கிடந்த வண்டியானால், உறைந்த நீர் சிலிண்டர் பிளாக்கின் பக்கச் சுவரைப் பிளந்திருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்து பார்ப்பது மற்ற எல்லாவற்றுக்கும் முந்திய வேலை. பிளாக் நலமாக இருந்தால் மிச்சம் பிஸ்டன் ரிங், பேரிங், வால்வு என்று எந்த நல்ல லேத் பட்டறையும் செய்யக்கூடியதே. ஜெனித் கார்புரேட்டரைக் கழற்றித் தூய்மை செய்தால் போதும். நவீன கார்புரேட்டரை மாட்டச் சொல்லும் அறிவுரைகளைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் மட்டும் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் ரப்பரில் இருக்க வேண்டும். எண்ணெயில் காற்றை வடிகட்டும் பழைய ஏர் கிளீனர் பெரும்பாலும் எறியப்பட்டிருக்கும். பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும் உறுப்பு அது என்பதால், தேடிப்பிடிப்பது வீணாகாது.

ஏறத்தாழ ஐந்து டன் எடையுள்ள இந்த வண்டியை நிறுத்துவது ஒரே மாஸ்டர் சிலிண்டரும், எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் வலுவூட்டும் ஹைட்ரோவாக் கருவியும்தான். சக்கரங்களுக்குத் தனித்தனிச் சுற்று கிடையாது. எங்கோ ஓரிடத்தில் ஹோஸ் வெடித்தால் எல்லாப் பிரேக்கும் போய்விடும். ஆகவே அசல் என்ற பேச்சு இங்கே செல்லாது. வார்ப்பு உடல்களை வைத்துக்கொண்டு, சிலிண்டர்களுக்குள் துருவேறாத உறை போட்டு, ரப்பர் யாவற்றையும், குழாய்கள் யாவற்றையும் புதிதாக்குங்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ட்ரம்மைக் கழற்றியதும் காற்றால் ஊதாமல் நீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிய பையில் அப்புறப்படுத்த வேண்டும்.

கம்பியைச் சுற்றி இழுக்கும் விஞ்சு உள்ள வண்டியானால், 10,000 பவுண்டு இழுக்கும் அந்தக் கருவியின் தண்டில் ஒரு முறிவு ஊசி இருக்கும். சுமை மிஞ்சினால் தான் முறிந்து கம்பியையும் ஆளையும் காப்பதே அதன் வேலை. அதற்குப் பதிலாகக் கடினமான போல்ட்டைச் செருகியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். உடனே எடுத்துவிட்டுக் கையேடு சொல்லும் மென்மையான ஊசியைப் போடுங்கள்.

மின்னமைப்பும் மறைவிளக்குகளும்

அசல் மின்னமைப்பு 6 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மாற்றினால் எளிதில் ஸ்டார்ட் ஆகும் என்பார்கள். தடித்த பேட்டரிக் கம்பியும், துருவின்றித் தேய்த்த எர்த் இணைப்பும் இருந்தால் 6 வோல்ட்டிலேயே செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுழலும். சுழலாத வண்டிகளில் பெரும்பாலும் குறை எர்த்திலேதான் இருக்கும். வயர்களைப் பருத்தி நூல் பின்னிய உறையோடு, நிறக்கோடுகள் மாறாமல் வாங்குங்கள். பிளாஸ்டிக் உறை டேஷ்போர்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தால் மற்ற உழைப்பெல்லாம் கெட்டுவிடும். வண்டிக்கு 'எஸ்' எழுத்து இருந்தது என்று உறுதியானால், பானட்டுக்கும் சேசிஸுக்கும் இடையே பின்னல் பட்டைகளும், உள்ளும் புறமும் பல்லுள்ள வாஷர்களும், மின்தேக்கி வடிகட்டிகளும் உரிய இடங்களில் வர வேண்டும். அந்த வாஷருக்கு அடியில் பெயின்ட் இருக்கக் கூடாது. உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் அது வேலை செய்யும்.

இந்த வண்டியின் விளக்குகளில் என்னை மிகவும் கவர்வது, எதிரியின் கண்ணில் படாதபடி மங்கலாக எரியும் பின் மறைவிளக்கு. இருட்டில், முகப்பு விளக்கு அணைத்து, வரிசையாகச் செல்லும் லாரிகளுக்கு இடையே தூரம் காக்க வேண்டும். பின்னால் வருபவர் கண்ணுக்கு முன் வண்டியின் சிவப்புக் கீற்றுகள் நான்காகத் தெரிந்தால் மிக அருகில் வந்துவிட்டார். இரண்டாகச் சேர்ந்து தெரிந்தால் 60 அடிக்கும் 180 அடிக்கும் இடையே சரியான தொலைவில் இருக்கிறார். ஒன்றாகத் தெரிந்தால் பின்தங்கிவிட்டார். கண்ணின் பிரித்தறியும் எல்லையையே அளவுகோலாக்கிய அமைப்பு இது. நகல் விளக்குகளில் கீற்றுகளின் இடைவெளி சற்றே பிசகினாலும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். நான் வாங்கிய ஒரு நகல் விளக்கு 40 அடியிலேயே இரண்டாகிவிட்டது. நசுங்கிய அசல் விளக்கு கிடைத்தால், உடலை டிங்கரிங் செய்து கண்ணாடிக் கீற்றுகளைக் காப்பாற்றுவதே மேல். பொதுச் சாலையில் ஓட்டுவதற்குச் சட்டம் கேட்கும் பிரகாசமான விளக்குகளை, காந்தத்தால் ஒட்டி எடுக்கும் பலகையில் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

தீயணைப்புக் கருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பித்தளையில் செய்த பழைய கைப்பம்பு வகைக்குள் கார்பன் டெட்ராகுளோரைடு இருந்திருக்கும். அது சூடான உலோகத்தின்மேல் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். குலுக்கிப் பார்த்து உள்ளே திரவம் இருந்தால் திறக்காமல், அபாயக் கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படைத்துக் காலி உடலை மட்டும் மாட்டுங்கள். வேலை செய்யும் தீயணைப்பானை இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

பெட்டி, படுதா, நிறம்

மரப்பெட்டியில் எஞ்சிய ஒரே ஒரு நல்ல பலகை இருந்தாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். தடிமன், விளிம்பின் சரிவு, போல்ட் துளையின் இடைவெளி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. புதுப் பலகைகளை அறுத்து, பூட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் பெயின்ட் அடிக்க வேண்டும்; பூட்டியபின் அடித்தால் இணைப்புகளுக்குள் ஈரம் புகுந்து சில ஆண்டுகளில் மரம் உளுத்துவிடும். படுதாவுக்கு டக் என்ற கெட்டியான பருத்தித் துணியே வேண்டும். செயற்கை இழைத் துணி வெயிலில் மினுக்கும். நிறத்திலும் கவனம் தேவை. போரின் முற்பகுதியில் காக்கிச் சாயலுள்ள 3ஆம் எண் ஆலிவ் துணியும், பிற்பகுதியில் கரும்பச்சையான 7ஆம் எண் துணியும் வழங்கப்பட்டன. 1942ஆம் ஆண்டு வண்டிக்குக் கரும்பச்சைப் படுதா போட்டால், அது வண்டிக்குப் பின்னாளில் மாற்றிய படுதா என்று நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

உடலின் நிறம் பற்றி ஆர்வலர்களிடையே நடக்கும் வாதத்துக்கு முடிவே இல்லை. நான் சொல்வது ஒன்றே. போர்க்கால ஆலிவ் டிராப் என்பது அடிப்படையில் கறுப்பும் மஞ்சள் காவியும் கலந்த நிறம்; அது பழுப்பின் பக்கம் சாய்ந்தது, பச்சையின் பக்கம் அல்ல, மினுமினுப்பு அறவே இல்லாதது. கடையில் 'இராணுவப் பச்சை' என்று விற்பது பெரும்பாலும் போருக்குப் பிந்திய நிறம். டேஷ்போர்டின் பின்புறம், வெயில் படாத மூலை, தகட்டுக்கு அடியில் என்று உங்கள் வண்டியிலேயே மங்காத ஒரு சதுர அங்குலம் இருக்கும். அதைப் பகல் வெளிச்சத்தில் பெயின்ட் கலப்பவரிடம் காட்டுங்கள். பட்டி வைத்துத் தகட்டைக் கண்ணாடிபோல் ஆக்க வேண்டாம். ஆலையில் அடித்தபோதே வெல்டிங் தடமும் பெயின்ட் வழிந்த கோடும் இருந்தன. அவற்றை அழித்தால் வண்டி பொம்மை ஆகிவிடும்.

எழுத்துகளை முன்பு படியெடுத்த தாளிலிருந்து வெட்டிய அட்டையை வைத்துத் தூரிகையால் ஒற்றி எழுதுங்கள். உங்கள் பம்பரில் கண்டறிந்த படைப்பிரிவையே எழுதுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் பதிவு எண்ணோடும், படை வண்டிகளின் பொது அடையாளமான வெள்ளை நட்சத்திரத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம். புகழ்பெற்ற படையணியின் பெயரைக் கடன்வாங்கி எழுதுவது, அந்த வண்டியை உண்மையில் ஓட்டியவர்களின் இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பதாகும்.

முதல் ஓட்டம்

பத்துச் சக்கரங்களிலும் ஒரே அளவு, ஒரே தேய்மானமுள்ள டயர்கள் இருக்க வேண்டும். இல்லையேல் முன் இழுவையைப் பூட்டும்போது ஆக்சில்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். உறுதியான தார்ச்சாலையில் முன் இழுவையைப் பூட்டவே கூடாது. தகட்டில் எழுதிய உச்ச வேகம் மணிக்கு 45 மைல்; முதல் நூறு மைலுக்கு அதில் பாதியே போதும். ஐந்தாவது மைலில் நிறுத்தி ஒவ்வொரு சக்கர மையத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. ஐம்பதாவது மைலில் யு-போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். இடப்பக்கம் எதிர்மரை.